அவர் பேரில் அடித்த ரிப்போர்ட்டுகள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் பூட்டு என்று பேர். வைத்தவர்கள் நாங்கள் ஆறு பேர், ஸ்கேன் ரிப்போர்ட் அடிக்கிற பெண்கள். அவர் காதில் விழாமல்தான் சொல்வோம். விழுந்திருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டார், பெருமைப்பட்டிருப்பார். ஆஸ்பத்திரியில் இருந்த முந்நூறு கம்ப்யூட்டரையும் பூட்டி வைத்திருந்த மனிதர் அவர். எதிலும் யாரும் கடிகாரத்தின் நேரத்தைக்கூட மாற்ற முடியாது. தலைமை டாக்டர் பேரன் படத்தைத் திரையில் வைக்க ஆசைப்பட்டபோது, அதற்கும் இவருக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. "என் நெட்வொர்க்ல என்னைத் தவிர ஒருத்தன் அட்மின் கிடையாது" என்று வீட்டில் சாப்பிடும்போதுகூடச் சொல்வார். ஏதோ எல்லையில் நின்று நாட்டைக் காக்கிற தோரணை.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதை நான் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலையையும் அவரே செய்தார். குழம்பில் உப்புக் கூடினால், "வேலை வாங்கிக் குடுத்தேன், சமையலையும் நானே வந்து கத்துக் குடுக்கணுமா?" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். சிரிக்காமல் இருக்க அவளால் முடியாது என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

என் கல்யாணம் ஊரைக் கூட்டி நடந்து, ஒருவருக்கும் சொல்லாமல் முடிந்துபோனது. ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு அறை வீடு. ஒன்றில் அவர்கள், ஒன்றில் பிள்ளைகள். எனக்கு ஹாலில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் இடம். அத்தான் ராத்திரியில் எழுந்து தண்ணீர் குடிக்க வந்தால் பளீரென்று விளக்கைப் போடுவார், குடிப்பார், விளக்கை அணைக்க மறந்து போய்ப் படுத்துக்கொள்வார். தப்பான எண்ணம் ஒன்றும் கிடையாது. அதற்கும் அங்கே ஓர் ஆள் படுத்திருக்கிறாள் என்று தோன்றியாக வேண்டுமே.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறை பார்த்து வைத்திருந்தேன். சின்ன அறைதான். தனி வாசல், உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தேன், வீட்டுக்கார அம்மா என்ன நினைத்தாளோ தெரியாது. "வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் வாம்மா. அதுவரைக்கும் வேற யாருக்கும் விட மாட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். ஒருவர் எத்தனை ரிப்போர்ட் அடித்தார், எத்தனை தப்பு விட்டார் என்று மேனேஜர் மேடம் பார்ப்பார். எனக்கு அந்த ஆறாவது மாதம் வந்தால் போதும். அதற்கு மேல் உலகத்தில் எதையும் நான் கேட்கவில்லை.

வேலை இதுதான். ஸ்கேன் டாக்டர்கள் படத்தைப் பார்த்து மைக்கில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கிற பெடலை மிதித்து மிதித்து அந்தப் பேச்சை ஓட்டி, நிறுத்தி, அடிக்க வேண்டும். டாக்டர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் அந்தப் பேச்சு அழிந்துவிடும், ரிப்போர்ட் மட்டும் நிற்கும். ஒரு டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார். இன்னொருவர் பேச்சில் கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் நடுவே பிஸ்கட் உடைகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காதை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஒருவரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ரிப்போர்ட் அடிக்கப் புது சாஃப்ட்வேர் வந்தது. அத்தான் தன் அறையில் உட்கார்ந்தபடியே ஒரே நாளில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அதை அனுப்பிவிட்டு, மேனேஜர் மேடத்திடம் போய் "முடிஞ்சுது மேடம், எல்லா மெஷின்லயும் ஏத்தியாச்சு" என்று சொல்லிவிட்டார். மேடம் மீட்டிங்கில் அவரைப் பாராட்டிக் கைதட்ட வைத்தார். இந்தக் கைதட்டல்தான் பின்னால் என் தலையில் விடிந்தது.

மறுநாள் காலையில் அதன் ஐகானை அழுத்தினோம். ஒரு சக்கரம் சுற்றியது. ஒரு சின்னக் கட்டம் வந்தது, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஆறு மேஜையிலும் அதே கதை. எங்களில் மூத்தவரை சீனியர் என்போம், இருபது வருஷமாக அங்கே அடிக்கிறவர். அவர் அத்தானுக்கு போன் போட்டார்.

அத்தான் வந்தார். யார் கூப்பிட்டாலும் வந்ததும் கேட்கிற முதல் கேள்வியையே கேட்டார். "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். அழுத்தினோம், மூடிக்குது" என்றார் சீனியர்.

என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐகானின் மேல் வலது பக்கமாக அழுத்தி, அட்மினாகத் திற என்பதைத் தேர்ந்தெடுத்து, தன் பேரையும் பாஸ்வேர்டையும் அடித்தார். சாஃப்ட்வேர் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி திறந்துகொண்டது.

"வேலை செய்யுதே" என்றார்.

அவர் எழுந்ததும் நான் மூடிவிட்டு மறுபடி அழுத்தினேன். சக்கரம், கட்டம், காலி. அவர் உட்கார்ந்தார், திறந்தது. நான் உட்கார்ந்தேன், மூடிக்கொண்டது. "எனக்கு வேலை செய்யுது, உங்களுக்குச் செய்யலன்னா கோளாறு மெஷின்ல இல்ல, நாற்காலியில" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சீனியரும் சிரித்தார். தன் சாவியைப் போட்டுத் திறந்துவிட்டு, வீடு திறந்துதான் இருக்கிறது என்று சாவி இல்லாதவர்களிடம் சொல்கிற மனிதரை என்ன செய்வது? ஆனால் அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. நிஜமாகவே என் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அதுவரை வாழ்க்கையில் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. தினம் காலையில் அத்தான் இறங்கி வருவார். பால்காரர் வீடு வீடாக ஊற்றிவிட்டுப் போகிற மாதிரி, ஆறு மேஜைக்கும் போய் ஆறு தடவை பாஸ்வேர்டு அடித்துத் திறந்து வைத்துவிட்டுப் போவார். பகலில் ஏதாவது ஒன்று தொங்கிப்போனால் அவ்வளவுதான். போன் போட வேண்டும், அவர் சாப்பிட்டு, கை கழுவி, யாரிடமாவது பேசிவிட்டு வருகிறவரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ரிப்போர்ட் தாமதமானால் மேனேஜர் மேடம் எங்களைத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். "சாஃப்ட்வேர் வந்து இவ்ளோ நாளாச்சு, இன்னுமா உங்களுக்குப் பழகல?" அத்தான் பக்கத்திலேயே நிற்பார். தலையை லேசாக ஆட்டுவார், எங்களுக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி.

நான் ஒரு காரியம் செய்தேன். திரையின் ஓரத்தில் அந்தக் கம்பெனியின் உதவி எண் இருந்தது. மத்தியானம் எல்லாம் தொங்கிக் கிடந்த ஒரு நாளில் போன் போட்டேன். எடுத்த பெண் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். "அது திறக்கும்போது அதோட ஃபோல்டர்ல எதையோ எழுதிக்கும் மேடம். சாதாரண யூஸருக்கு அந்த ஃபோல்டர்ல எழுத அனுமதி இருக்காது, அதான் மூடிக்குது. உங்க அட்மின் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி குடுத்தா போதும். ரெண்டு நிமிஷ வேலை. எல்லா இடத்துலயும் இதான் கேக்கறாங்க."

சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. ஆஸ்பத்திரியில் சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவாக இருக்கும் என்று, பெரிய புத்திசாலி மாதிரி வீட்டில் வைத்துச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள்.

அத்தான் கையை உதறினார். "எனக்கே வகுப்பு எடுக்கறியா நீ? கம்பெனிக்கு போன் போட உன்னை யாரு சொன்னது? இன்னிக்கு ஒரு ஃபோல்டரைத் திற, நாளைக்கு இன்னொண்ணைத் திற, அப்புறம் என்னத்துக்குப் பூட்டறது? மேடம்கிட்ட முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கேன். இப்பப் போய் முடியலன்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்க சொல்லவே வேண்டாம் அத்தான். சத்தமில்லாம பண்ணிட்டா..."

"வாய மூடு."

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். சாப்பிட்டு வாயை அடைத்துக்கொள் என்று அர்த்தம். அடைத்துக்கொண்டேன்.

நாலாவது மாதத்தில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். ரிப்போர்ட்டின் கடைசியில், அடித்தவர் என்ற இடத்தில் பொடி எழுத்தில் ஒரு பேர் விழும். நான் அடித்த எல்லாவற்றிலும் அத்தான் பேர் இருந்தது. சீனியர் அடித்ததிலும் அவர் பேர்தான். சாஃப்ட்வேருக்கு யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது, யார் பாஸ்வேர்டில் திறந்தது என்றுதான் தெரியும். அதன் கணக்கில், நெட்வொர்க்கைக் காவல் காக்கிற ஒரு மனிதர் ஆறு மேஜையில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரியின் மொத்த ரிப்போர்ட்டையும் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் ஆறு பேரும் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர்கள் நிரந்தரம், அவர்களை யாரும் எண்ணப் போவதில்லை. எண்ணப் போவது என்னைத்தான். அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தானைப் பிடித்தேன்.

"எல்லாம் உங்க பேர்ல விழுது அத்தான். ஆறாவது மாசம் மேடம் என் கணக்கைப் பாப்பாங்க. ஒண்ணுமே இருக்காது."

"தெரியும் தெரியும். கடைசியில மொத்தமா அவங்கவங்க பேருக்கு மாத்திடுவேன். மேடம் கேட்டா நான் சொல்லிக்கறேன். உன்னை வேலையில சேத்தவனுக்கு உன்னை நிரந்தரம் பண்ணத் தெரியாதா?"

அப்படிச் சொன்னபோது என் தோளைத் தட்டினார். நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, கண்ணில் தண்ணீரோடு நம்பினேன். இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீர்தான் எனக்கு அதிக எரிச்சலைத் தருகிறது.

ஐந்தாவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. காலையில் நான் கிளம்பும்போது கூப்பிட்டு, காதோடு காதாகப் பாஸ்வேர்டைச் சொன்னார். "ஆறு மெஷினையும் நீயே திறந்து விடு. யாருக்கும் காட்டாதே. வந்து நான் மாத்திக்கறேன்." நான் போய் மேஜை மேஜையாக அடித்துத் திறந்து கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாக எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்கள். "இன்னிக்கு பூட்டு லீவு, சாவி வந்திருக்கு" என்றார் சீனியர். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்று மாலையே காய்ச்சல் இறங்கிவிட்டது. பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்.

பிறகு அந்த முழங்கால்.

ஏணியில் ஏறி வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற ஒரு மனிதர். இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. ரிப்போர்ட்டில் வலது என்று விழுந்துவிட்டது. ஸ்கேன் டாக்டர் படிக்காமலே ஒப்புதல் போட்டிருந்தார், எலும்பு டாக்டர் படத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தார். நல்ல காலைத் திறந்துவிட்டார்கள். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்ததைப் பார்த்த பிறகுதான் படத்தைத் தேடினார்களாம். தைத்துவிட்டு அடுத்த காலையும் திறக்க வேண்டியதாயிற்று. இரண்டு காலிலும் கட்டோடு அந்த மனிதரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அவர் மனைவி பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள், அவர் இனி எப்போது போடுவாரோ தெரியாத செருப்பை.

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். அது காய்ச்சல் நாளில் அடித்தது. அடித்தவர் என்ற இடத்தில் அத்தான் பேர். ஆறு பேரில் அதை அடித்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. டாக்டரின் பேச்சு எப்போதோ அழிந்துபோயிருந்தது. நானாகவும் இருக்கலாம். நாளுக்கு நாற்பது முழங்கால் அடிக்கிறோம், இடது எது வலது எது என்று யாருக்கு நினைவிருக்கும்? டாக்டரே மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நானாகவும் இருக்கலாம்.

மேனேஜர் மேடம் முதலில் அத்தானைக் கூப்பிட்டார். லீவில் இருந்த மனிதரால் எப்படி ரிப்போர்ட் அடிக்க முடியும்? என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். சாஃப்ட்வேரை சரியாக ஏற்றவே இல்லை, தினமும் என் பாஸ்வேர்டில்தான் ஆறு மெஷினையும் திறந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கைதட்டல் போய்விடும், பூட்டு என்ற பேர் போய்விடும், ஒருவேளை வேலையும் போய்விடும். அவர் வேறு ஒன்றைச் சொன்னார். "என் கொழுந்தியா என் வீட்டுலதான் இருக்கா மேடம். நான் காய்ச்சல்ல கிடந்தப்ப என் பாஸ்வேர்டை எடுத்துட்டு வந்திருக்கா. ஃபோல்டர், அனுமதின்னு கம்பெனிக்கே போன் போட்டு விசாரிச்சிருக்கா. வீட்டுக்குள்ள இப்படி நடக்கும்னு நான் கனவுலகூட நினைக்கல."

பிறகு ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐவரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேட்ட கேள்வி, அந்தப் பெண் அன்றைக்கு அட்மின் பாஸ்வேர்டை அடித்ததைப் பார்த்தீர்களா என்பது. பார்த்தோம் என்றார்கள். தினமும் அவர் வந்து அடிப்பார் என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு எல்லோருமே அவர் பேரில்தான் அடித்தோம் என்று ஆகும். அந்த முழங்கால் ஆறு பேர் தலையிலும் ஏறும். என்னை மட்டும் கழற்றிவிட்டால் ஐந்து பேர் பிழைத்தார்கள். சீனியர் வெளியே வந்தபோது என்னைப் பார்க்காமல் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் எனக்கு விசாரணை. அன்று மாலை அடுப்படியில் அக்கா பேச்சை எடுத்தாள். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நீதான்னு ஒத்துக்கோ. உனக்கு வேலை மட்டும்தான் போகும். அவருக்குப் போச்சுன்னா நாங்க நாலு பேரும் எங்க போறது?"

அந்த நாலு பேரில் நான் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

"நான் செய்யலக்கா. அவரே வாயால சொன்ன பாஸ்வேர்டு."

"யாரு நம்புவா?"

"நம்ப வேண்டாம், கண்ணால பாக்கட்டும்." எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. "நாளைக்கு மேடத்தை என் மேஜைக்கே கூட்டிட்டுப் போவேன். என் பேர்ல லாகின் பண்ணி அழுத்திக் காட்டுவேன். மூடிக்கும். அவர் பாஸ்வேர்டு இல்லாம நாலு மாசமா ஒரு மெஷின்கூடத் திறக்கலன்னு அவங்களுக்கே தெரியும். அப்புறம் யாரு ஏத்தினது, யாரு முடிஞ்சுதுன்னு சொன்னதுன்னு அவங்களே கேட்டுக்குவாங்க."

அக்கா குழாயை மூடினாள். "நல்லா யோசிச்சுதான் வச்சிருக்க" என்றாள்.

காலையில் நான் எழுந்தபோது அத்தான் கிளம்பிப் போயிருந்தார். ஏதோ அவசர வேலை என்றாள் அக்கா. எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவர் இல்லாத வீட்டில் நிதானமாகக் குளித்தேன், இருந்ததில் நல்ல துணியாக எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் மேடத்தின் அறையில் தலைமை டாக்டரும் அத்தானும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி காட்டினார்கள். நான் உட்காரவில்லை.

"ஒரே ஒரு உதவி மேடம். என் மேஜை வரைக்கும் வாங்க. நான் எதுவும் பேசல, நீங்களே பாருங்க."

மேடம் அத்தானைப் பார்த்தார். அத்தான், "பாக்கட்டும் மேடம். அவ திருப்திக்குப் பாத்துடலாம்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருந்தன்மையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று பேரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். மற்ற மேஜைகளில் பெடல் சத்தம் நின்றுபோனது. என் பேரை அடித்தேன், என் பாஸ்வேர்டை அடித்தேன். "இப்ப அழுத்தறேன், மூடிக்கும் பாருங்க" என்றேன், கடைக்காரன் மாதிரி.

சக்கரம் சுற்றியது. கட்டம் வந்தது. வந்த கட்டம் விரிந்தது. முழுத் திரைக்கும் திறந்துகொண்டு, மேலே நட்ட நடுவில் என் பேரைப் போட்டு வணக்கம் சொன்னது. நாலு மாதத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அப்படித் திறக்காதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். மூடிவிட்டு மறுபடி அழுத்தினேன். திறந்தது. பைத்தியக்காரி மாதிரி மூடி மூடி அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் என் பேரைச் சொல்லித் திறந்தது.

"பக்கத்து மேஜை" என்றேன். "பக்கத்து மேஜையில பாருங்க."

சீனியர் தன் பேரில் அழுத்தினார். திறந்தது. அவர் ஆச்சரியப்படாமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

தலைமை டாக்டர் கேட்டார். "உன் பேர்லயே திறக்குதேம்மா. அப்புறம் எதுக்கு அவர் பேர்ல போன?"

"நேத்து வரைக்கும் திறக்கல சார். இன்னிக்குக் காலையில இவர் சரி பண்ணியிருக்கார். ரெண்டு நிமிஷ வேலை சார். ஃபோல்டருக்கு அனுமதி குடுத்தா போதும்..."

"பாத்தீங்களா சார்" என்றார் அத்தான் வருத்தமாக. "இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் மேடம் குனிந்து, என் பேருக்குக் கீழே இருந்த எண்ணைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இதுவரை அடித்த ரிப்போர்ட்டுகள்: பூஜ்யம். மேடத்துக்கு நிஜமாகவே திகைப்பு. "சாஃப்ட்வேர் வந்து நாலு மாசமா நீ ஒண்ணுகூட அடிக்கலையா?" என்றார்.

என் பின்னால் யாரோ இருமினார்கள். வாயைத் திறந்து கத்தியிருக்கலாம், இங்கே எல்லோருக்கும் பூஜ்யம்தான், போய் ஐந்து பேரையும் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன். அத்தான் அமைதியாக, "மத்தவங்க கணக்கெல்லாம் பழைய சிஸ்டத்துலேர்ந்து இன்னும் மாத்திட்டு இருக்கேன் மேடம்" என்றார். மேடம் தலையாட்டினார். கணக்கை மாற்றுவது அவர் வேலை, அதில் மூக்கை நுழைக்க யாருக்கும் அனுமதி கிடையாது. பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போலீசுக்குப் போகாதது அத்தானின் முகத்துக்காக என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தேன். போக வேறு இடம் இருந்தால் வந்திருக்க மாட்டேன். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"நீதான் அவர்கிட்ட சொன்னியா?"

அவள் பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆமா, சொன்னேன்" என்றாள். "நீ வேற வேலை தேடிக்கலாம். நான் வேற புருஷனைத் தேட முடியுமா?"

நான் செய்ததை அவளும் செய்து பார்த்திருக்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் என்னைத் தினமும் சோபாவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பினால் எங்கே போய்ப் படுக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மாலையில் மாடி அறையின் வீட்டுக்கார அம்மா போன் செய்தாள். "ஆறு மாசம் ஆகப் போகுதேம்மா, என்ன ஆச்சு? இன்னொருத்தர் கேக்கறாங்க."

"விடுங்க" என்றேன். "அவங்களுக்கே விடுங்க."

அத்தான் வழக்கமான நேரத்துக்கு வந்தார், கைகால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். அக்கா சோற்றுப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

"இன்னிக்கு ரிப்போர்ட் செக்‌ஷன்லேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரல, தெரியுமா?" என்றார் அக்காவிடம். "நாலு மாசத்துல இதான் முதல் தடவை. ஆறு மெஷினும் அப்படியே வழுக்கிட்டு ஓடுது."

அவர் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் பரிமாறினேன்.